நாலு மடிப்புப் புடவை

நேயர்களுக்கு வணக்கம். தண்ணீரிலும் சுகாதாரத்திலும் சாதித்த பெண்களைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் சாதனையாளர் இல்லை. முப்பது வருடம் ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் மாதிரி எடுத்து, தட்டில் கிருமி எண்ணியவள். அதனால் கிட்டத்தில் பார்த்ததைத்தான் சொல்லத் தெரியும்.

முதலில் ஒரு புடவைக் கதை. 2018ல் சிங்கப்பூர் கொடுக்கும் லீ குவான் இயூ தண்ணீர்ப் பரிசு ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளருக்குக் கிடைத்தது. 2008ல் தொடங்கிய பரிசு அது. அதைப் பெற்ற முதல் பெண் இவர்தான். ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம்! சரி, அது இருக்கட்டும். மாணவியாக இருந்தபோது இவர் உதவித்தொகை கேட்டார். பெண்களுக்குக் கொடுத்து அதை வீணாக்குவதில்லை என்று பதில் வந்ததாம். 1998ல், ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கும் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கே அவர் தலைவரானார்.

அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்தியது காலராக் கிருமியை. குளத்துத் தண்ணீரில் அது கோப்பிபாடு என்ற குட்டி உயிரியின் மேல் ஒட்டிக்கொண்டு சவாரி செய்கிறது. கிருமியைத் துணியால் பிடிக்க முடியாது, அவ்வளவு பொடி. ஆனால் அது ஏறிவரும் வண்டியைப் பிடிக்கலாமே? பங்ளாதேஷ் கிராமத்துப் பெண்கள் சர்பத் போடும்போது புடவைத் துணியில் வடிகட்டுவது வழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் புதுப் புடவை உதவாது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறு விட்ட பழைய பருத்திப் புடவைதான் வேண்டும். அதை நாலு முறை மடித்தால் இடைவெளி ஏறக்குறைய 20 மைக்ரானுக்குச் சுருங்கிவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை ஊற்றவேண்டும், அப்புறம் துணியை அலசி வெயிலில் காயப்போடவேண்டும். மட்லாப் என்ற வட்டாரத்தில் 65 கிராமங்களில் செய்து பார்த்து, 2003ல் முடிவை வெளியிட்டார்கள். காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது.

கோல்வெலுக்குக் கிடைத்த மரியாதை நியாயமானது. ஆனால் முதன்முதலில் சர்பத்தைப் புடவையில் வடித்த அந்த அம்மாள் யார்? யாருக்கும் தெரியாது. எனக்கு உறுத்துவது இந்த இடம்தான்.

என் அம்மாவும் குழாய் வாயில் வெள்ளைத் துணி கட்டி வைப்பார். 1963ல் மழை பொய்த்து இங்கே சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது, ஏறக்குறைய பத்து மாதம். எனக்கு அப்போது ஆறு வயது. பொதுக்குழாயில் மண்ணெண்ணெய்த் தகரத்தோடு வரிசையில் நிற்பது பெண்களும் பிள்ளைகளும்தான். வீட்டுக்கு வந்த தண்ணீருக்கு அம்மா ஒரு வரிசை வைத்திருந்தார். அரிசி களைந்தது கறிவேப்பிலைக்கு, துணி அலசியது கக்கூஸுக்கு. அவர் அதைச் சிக்கனம் என்றுகூடச் சொன்னதில்லை. 2003ல் சிங்கப்பூரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 லிட்டர் செலவானது. 2023ல் அது 141. கட்டணம் ஏறியது, சிக்கனக் குழாய்கள் வந்தன, எல்லாம் உண்மை. ஆனாலும் அடுப்படியில் நிற்பவர்களின் கையும் அதில் இருக்கிறது என்பது என் கணக்கு.

இனி என் வேலை. குழாயில் மாதிரி எடுப்பது பார்க்கச் சுலபம். தண்ணீரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு மூடி, குழாய் வாயைச் சுடரில் காட்டி, மறுபடி திறக்கவேண்டும். போத்தலை விளிம்புவரை நிரப்பக்கூடாது. குலுக்குவதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் 100 மில்லிலிட்டரை 0.45 மைக்ரான் துளைகள் உள்ள சவ்வில் வடித்து, சவ்வைக் கிருமி வளர ஊட்டம் போட்ட தட்டில் வைத்து, ஒரு நாள் 35 டிகிரிச் சூட்டில் விடுவோம். புடவை மடிப்பின் பேத்திதான் அந்தச் சவ்வு. கிருமி இருந்தால் பெருகிப் புள்ளியாகத் தெரியும். மறுநாள் காலை தட்டைத் திறந்தால் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. வெறும் தட்டுதான் எங்கள் வெற்றி. ஒன்றும் நடக்காததற்கு யார் மாலை போடுவார்கள்?

ஜோன் ரோஸுக்குப் போட்டார்கள், அதைச் சொல்லவேண்டும். தண்ணீர் வழியாகப் பரவும் கிருமிகளை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் அவர். நம் தண்ணீரின் தரத்தைச் சரிபார்க்கும் வெளிநாட்டு வல்லுநர் குழுவில் இருந்தார். 2015ல் சிங்கப்பூர் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. மறுவருடம் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசும் வந்தது. உள்ளூரில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வாங் ரோங் சவ்வுத் தொழில்நுட்பத்தில் பெரிய பெயர். நம் உடலின் செல்களுக்குள் தண்ணீரை மட்டும் விடும் புரதம் ஒன்று உண்டு. அதைச் சவ்வில் பதிக்கும் ஆய்வில் அவர் பங்கு பெரியது. தேசியப் பல்கலைக்கழகத்தின் கரினா ஜின் நீர்த்தேக்கங்களில் பாசி எப்போது, ஏன் பெருகுகிறது என்று பார்ப்பவர். பீடோக் நீர்த்தேக்கத்தில் நடைப்பயிற்சி போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

துப்புரவுக்கு வந்தால் பெயர் இன்னும் குறைந்துவிடும். ஐக்கிய நாடுகள் சபை நவம்பர் 19ஐ உலகக் கழிப்பறை நாளாக 2013ல் அறிவித்தது. தீர்மானத்தைக் கொண்டுபோனது சிங்கப்பூர். நமக்குப் பெருமைதான். ஆனால் எனக்கு அந்த நாளில் ஞாபகம் வருவது திருச்சி. அங்கே குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளைப் பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் எடுத்து நடத்தின. வாசலில் உட்கார்ந்து சில்லறை வாங்கி, அந்தக் காசில் பினாயில் வாங்கி, கணக்கு எழுதி வைத்தார்கள். கல்மந்தை என்ற பகுதி 2002ல், திறந்தவெளிக்குப் போகும் வழக்கத்தை அறவே ஒழித்த இடம் என்று பெயர் வாங்கியது. முன்பு அந்தப் பெண்கள் இருட்டுவதற்காகக் காத்திருந்தவர்கள். தண்ணீர் குடிக்காமலேயே பகலைக் கழிப்பது என்னவென்று தெரிந்தவர்கள் கணக்கு நோட்டைக் கையில் எடுத்தால், காசு ஒழுகாது.

எங்கள் பேட்டை உணவங்காடிக் கழிப்பறையைக் கழுவும் அக்காவுக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும்: மணி, அதற்கு எதிரே இரண்டு எழுத்தில் கையெழுத்து. எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டிலும் அப்படித்தான், நானும் முப்பது வருடம் இரண்டு எழுத்தாகவே இருந்தேன். போன வாரம் அந்த அக்காவிடம் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். எதற்கு, புகார் கொடுக்கவா என்றார். இல்லை அக்கா, வானொலியில் சொல்ல என்றேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, வேண்டாம்மா, நீ மட்டும் தெரிஞ்சு வச்சுக்க என்றார்.

வணக்கம்.