நொத்தாரிசு இல்லாமல் வீட்டை வாடகைக்குக் கொடுக்காதீர்கள்

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் வண்ணப்பூச்சு வேலையை இன்று காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த காணொளிக்குத் தள்ளிப்போகிறது, ஏனென்றால் நேற்று ஒரு தரகர் எனக்கு நன்றாகவே கோபமூட்டிவிட்டார். "அக்கா, இரண்டு பேரும் ஒரு தாளில் கையெழுத்து வைத்தால் போதும், நொத்தாரிசுக்கு ஏன் வீண்செலவு?" என்று கேட்டார். அரை மாத வாடகையான தன்னுடைய தரகுப் பணத்தை மட்டும் அவர் வீண்செலவில் சேர்க்கவில்லை.

புதிதாக வீட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் நொத்தாரிசின், அதாவது ஒப்பந்தங்களை எழுதிச் சான்றுப்படுத்தும் சட்ட அலுவலரின், முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது இலங்கையில் 1840ஆம் ஆண்டு முதல் இருக்கின்ற சட்டம். குடியிருப்பவர் தவணை முடிந்தும் எழும்ப மறுத்தால், வீட்டை மாவட்ட நீதிமன்றத்தினூடாக விரைவாக மீட்பதற்கு 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் அந்த வழி, நொத்தாரிசு எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த ஒப்பந்தம் வைத்திருப்பவர்களுக்குத்தான். மாத வாடகை 90,000 ரூபா என்றால் ஓராண்டு வாடகை 1,080,000 ரூபா. 2025 ஏப்ரலில் இருந்து ஆயிரத்துக்கு 20 ரூபா வீதம், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் முத்திரைத் தீர்வை 21,600 ரூபா. முன்பு இதில் பாதிதான் இருந்தது என்பது எனக்கும் எரிச்சல்தான், ஆனாலும் கட்டுங்கள். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கவிருக்கும் குடும்பமென்றால், வதிவிடத்தை நிரூபிப்பதற்காகப் பதிந்த ஒப்பந்தத்தை அவர்களே கேட்டு வருவார்கள்.

இனி என்னுடைய வெற்றிக் கதை. மின்கட்டணப் பட்டியல் வீட்டுக்காரரின் பெயரில் வருவதால், குடியிருந்தவர் கட்டாமல் போனால் நிலுவை நம் தலையில்தான் விழும். போன மாதம் வெளியேறியவர், கடைசிப் பட்டியலில் உள்ள 6,840 ரூபா வண்ணம் பூசுபவர்கள் எரித்த மின்சாரத்துக்குரியது என்று வாதாடினார். அவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிய அன்றே மின்மானியைப் படமெடுத்து வைத்திருந்தேன்: கண்ணாடிக்குள், பட்டியலில் உள்ள அதே இலக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன, பக்கத்தில் அவருடைய கை, அதில் சாவிக்கொத்து, ஒரு விரலில் பச்சைக்கல் மோதிரம். அந்த மோதிரத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். மனிதர் அதன்பிறகு வாய் திறக்கவில்லை. முழுத்தொகையையும் முற்பணத்தில் கழித்துக்கொண்டேன். வீட்டுத் தாள்களையெல்லாம் சேர்த்துவைக்கும் என் நீலக் கோப்பைப் பார்த்துச் சிரித்துக் கருத்துப் போட்டவர்கள் கவனிக்க, அந்தப் படம் அச்செடுக்கப்பட்டு இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், நீர்மானியையும் அப்படியே படமெடுங்கள். மானியில் உள்ள தொடரிலக்கமும் படத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் அது பக்கத்து வீட்டு மானி என்பார்கள்.

வாடகை முழுவதும் இலாபம் என்று கணக்குப் போடுபவர்களை எனக்குப் பிடிப்பதே இல்லை. ஆதனவரி இருக்கிறது, அதை ஜனவரி 31க்குள் ஆண்டு முழுவதற்குமாகக் கட்டினால் கொழும்பு மாநகர சபை 10 சதவீதம் கழிவு தரும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஏசியின் வெளிப்பெட்டியும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிக்கும் வேகத்தையும் கணக்கில் எடுங்கள். வருமான வரி கணிக்கும்போது, பராமரிப்புக்கென்று வாடகையில் 25 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல்.

தொடர்மாடியில் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. அதை யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குபவர்கள், வீட்டின் உறுதிப்பத்திரம் எழுதுவதற்கு முன்னர், அந்தக் கட்டணத்தில் நிலுவை ஏதும் இல்லை என்று, தொடர்மாடியை நிர்வகிக்கும் வீட்டுச் சொந்தக்காரர்களின் அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். விற்பவர் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார். சாவி கைமாறிய மறுவாரம் பட்டியல் உங்கள் கதவுக்குக் கீழால் வரும்.