சிக்னல் இல்லாத பக்கம் பயணமா? கிளம்புவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்

[திரையில்: மலைச்சரிவில் வளைந்து போகும் சாலை. போனின் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன.]

கடைசிக் கோடும் போய்விட்டது. இந்த நிமிஷத்தில்தான் நம்மில் பலருக்கு எல்லாம் ஞாபகம் வரும்: மேப்பை டவுன்லோட் செய்யவில்லையே, தங்கும் இடத்தின் முகவரி மெயிலில் அல்லவா இருக்கிறது, எந்த வழியாகப் போகிறோம் என்று வீட்டில் சொல்லவே இல்லையே!

மலை, காடு, பாலைவனம், தீவு, எங்கே போனாலும் சரி. "அங்கே நெட் கிடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினால் அது பாதிக் கேள்விதான். நெட் எதற்கு என்று முதலில் யோசித்துப் பாருங்கள். வழி தெரிய வேண்டும், நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும், ஆபத்து வந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும், சிலருக்கு அங்கிருந்தே வேலையும் பார்க்க வேண்டும். இந்த நான்குக்கும் ஒரே அளவு தொடர்பு தேவையில்லை. வழி கண்டுபிடிக்க நெட்டே வேண்டாம். நலம் சொல்ல ஒரு எஸ்எம்எஸ், அதாவது 140 பைட் போதும். ஆபத்துக்கு வேறு ஒரு கருவி இருக்கிறது. வேலைக்கு மட்டும்தான் நிஜமான இணைய வேகம் வேண்டும். இப்படிப் பிரித்துவிட்டாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

வழியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். சிம் கூட வேண்டாம். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்புவதை உங்கள் போன் காதைத் திறந்து கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான், திருப்பி எதையும் அனுப்புவதில்லை. ஊருக்குள் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை போன் நெட்டிலிருந்து சட்டென்று எடுத்துவிடும், அதனால் இருக்கும் இடத்தை உடனே காட்டும். நெட் இல்லாவிட்டால் அதே விவரத்தை வானத்திலிருந்தே மெதுவாகக் கேட்டு எடுக்க வேண்டும், அதற்குச் சில நிமிஷம் பிடிக்கலாம். திறந்த வெளியில் போனை அசைக்காமல் வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், நீலப் புள்ளி வந்துவிடும்.

புள்ளி வரும், ஆனால் அதைச் சுற்றி வெறும் சாம்பல் நிறம்தான் இருக்கும், மேப் இல்லாவிட்டால். அதனால் போகும் இடத்தை மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள பெரிய பகுதியையே முன்கூட்டி டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் வசதி இருக்கிறது, ஆனால் நடைபாதை, மலையேற்றப் பாதை என்று வந்தால் நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, பொதுமக்களே சேர்ந்து வரையும் மேப்பை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற செயலிகளைத்தான் நம்புவேன். ஒற்றையடிப் பாதைகளும் நீர் எடுக்கும் இடங்களும் பல பகுதிகளில் இவற்றில்தான் நன்றாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. டவுன்லோட் செய்தபின் ஃபிளைட் மோடில் போட்டு மேப் நிஜமாகவே திறக்கிறதா, தேடினால் இடம் வருகிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை பார்த்துவிடுங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

டிக்கெட், தங்குமிட விவரம், அடையாள அட்டையின் படம் எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே சேமித்துவையுங்கள். அப்புறம் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல், ஓடிபி. எங்கோ ஒரு மூலையில் வைஃபை கிடைத்து மெயிலைத் திறக்கப் போனால், புது இடம் என்று சந்தேகப்பட்டு அது ஓடிபி கேட்கும், ஓடிபியோ எஸ்எம்எஸ்ஸில் வரும், எஸ்எம்எஸ் வரச் சிக்னல் இல்லை. நெட் இருந்தும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இதற்கு ஆதென்டிகேட்டர் செயலி நல்ல வழி. அதில் 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் எண் உங்கள் போனிலேயே நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது, எங்கிருந்தும் வர வேண்டியதில்லை. கூடவே, முன்கூட்டியே எடுத்துவைக்கக்கூடிய மாற்று ரகசிய எண்களை (பேக்கப் கோட்) ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: சமவெளியில் ஒரு டவர். அதிலிருந்து புறப்படும் அலை ஒரு குன்றின்மேல் மோதி நிற்கிறது.]

சரி, இப்போது டவருக்கு வருவோம். சிக்னல் ஏன் போகிறது என்று புரிந்தால்தான் அதை எங்கே தேடுவது என்று தெரியும்.

போனின் ரேடியோ அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. பூமி உருண்டை என்பதால், தரை சமமாக இருந்தாலும் 30 மீட்டர் டவரிலிருந்து கிளம்பும் அலை ஏறக்குறைய 22 கிலோமீட்டரில் தொடுவானத்தைத் தாண்டிவிடும், நடுவில் குன்று இருந்தால் அதற்கும் முன்பே தடைபடும். அதனால்தான் பள்ளத்தாக்கில் செத்துக் கிடக்கும் போன் மேட்டில் ஏறியதும் உயிர் பெறுகிறது. சிக்னல் தேடுகிறவர்கள் டவர் இருக்கும் திசை பார்த்து, மறைப்பு இல்லாத உயரமான இடத்துக்குப் போக வேண்டும். உலோகக் கூரைக்குள்ளும் காருக்குள்ளும் உட்கார்ந்து தேடுவதில் பயனில்லை, இறங்கி வெளியே வாருங்கள். மழையில் நனைந்த அடர்ந்த இலைகளும் அலையை விழுங்கிவிடும்.

அலைவரிசையும் முக்கியம். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் அதிக தூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2,600 அல்லது 3,500 மெகாஹெர்ட்ஸில் வேகம் கிடைக்கும், தூரம் கிடைக்காது. ஆள் குறைவாக உள்ள பகுதிகளில் பெரும்பாலும் தாழ்ந்த அலைவரிசையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே வேறு நாட்டுக்குப் போகிறவர்கள், அங்குள்ள நிறுவனம் எந்த அலைவரிசையில் இயங்குகிறது, நம் போன் அதைப் பிடிக்குமா என்று பார்ப்பது அவசியம். பக்கத்தில் நிற்பவர் பேசிக்கொண்டிருக்க உங்கள் போன் மட்டும் ஊமையாக இருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

கோடுகளை ரொம்ப நம்பாதீர்கள். இரண்டு கோடு என்றால் இவ்வளவு என்று எல்லா போனுக்கும் பொதுவான அளவு கிடையாது. உண்மையான அளவு டிபிஎம் என்ற எண்ணில் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலவரம் என்ற இடத்தில் பார்க்கலாம், ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் தெரியும். அது எப்போதும் மைனஸில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 80 என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் தள்ளாடுகிறது, மைனஸ் 120ஐ நெருங்கினால் அநேகமாக ஒன்றும் இல்லை. எண் 10 குறைந்தால் சிக்னலின் திறன் பத்தில் ஒரு பங்காகிவிடும், அப்படியானால் மைனஸ் 80க்கும் மைனஸ் 110க்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம். இந்த எண்ணைப் பார்த்தபடியே பத்தடி இப்படி, பத்தடி அப்படி நடந்து பாருங்கள், கோடுகள் காட்டாத வித்தியாசத்தை அது காட்டும்.

ஒரு முறை ஒரு மலைப்பாதையில் அரை மணி நேரம் ஒரு படத்தை அனுப்பப் போராடினேன். படம் போகவே இல்லை, பேட்டரிதான் போனது. கடைசியில் அதை நிறுத்திவிட்டு "பத்திரமாகச் சேர்ந்தோம்" என்று ஒரு எஸ்எம்எஸ் போட்டேன், அடுத்த நொடி போய்விட்டது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: சிக்னல் சின்னதாக இருந்தால் கேட்பதையும் சின்னதாகக் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எஸ்எம்எஸ் 140 பைட். இன்றைக்குப் பல இணையப் பக்கங்கள் 2 எம்பியைத் தாண்டுகின்றன, அதாவது ஒரு பக்கத்தைத் திறக்கும் டேட்டாவில் 14,000 எஸ்எம்எஸ் அடங்கிவிடும். ஒரு விநாடி சிக்னல் வந்து போனாலும் எஸ்எம்எஸ் நழுவிப் போய்விடும், எதிர்முனையில் இருப்பவரின் போன் அணைந்திருந்தாலும் நிறுவனத்தின் சர்வர் அதைச் சேர்த்துவைத்து, பிறகு மறுபடி முயலும். ஒன்று கவனியுங்கள், ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70தான், அதிலும் "கி" என்றால் ககரமும் இகரக் குறியும் தனித்தனியாக இரண்டு இடம் பிடிக்கும். அதனால் தமிழில் அனுப்பும்போது ரத்தினச் சுருக்கமாக அனுப்புங்கள். இருக்கும் இடத்தைச் சொல்ல மேப் லிங்க் வேண்டாம், அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை அனுப்பினாலே ஏறக்குறைய 11 மீட்டருக்குள் உங்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, சில இடங்களில் "அவசர அழைப்பு மட்டும்" என்று போன் காட்டும். உங்கள் நிறுவனத்தின் டவர் அங்கே இல்லை, வேறு நிறுவனத்தின் டவர் இருக்கிறது என்று அர்த்தம். அதன் வழியாக 112 போன்ற அவசர எண்ணை அழைக்க முடியும். இதைத் தெரியாமல் "சிக்னலே இல்லை" என்று விட்டுவிடாதீர்கள். சிம் விஷயத்திலும் இதே பாடம்தான்: ஒதுக்குப்புறமான பகுதியில் பல நேரம் ஒரே ஒரு நிறுவனத்தின் டவர்தான் இருக்கும், அது எது என்று அங்கே போய் வந்தவர்களிடம் கேட்டு, அந்தச் சிம்மை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இ-சிம் என்றால், அதைப் போனில் ஏற்றவே நெட் வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே ஏற்றிவிடுங்கள்.

பூஸ்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இருக்கும் சிக்னலைத்தான் அது பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது. மேலும் அனுமதி பெறாத பூஸ்டர்கள் டவரையே குழப்பும் என்பதால் பல நாடுகளில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. வண்டியில் போகிறவர்கள் ஹாட்ஸ்பாட் கருவிக்கு வெளி ஆன்டெனா போட்டு உயரத்தில் வைப்பது அதைவிட உருப்படியான வேலை.

[திரையில்: பூமி. தாழ்ந்த வட்டத்தில் நிறையப் புள்ளிகள், வெகு தொலைவில் ஒரே ஒரு புள்ளி.]

டவரே கிடையாது என்றால் மிச்சம் இருப்பது வானம்தான்.

பழைய வகைச் செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள் வழியாக வருவது. ஒளியின் வேகத்திலேயே போனாலும் கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை வினாடிக்கு மேல் ஆகும், வீடியோ காலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வது அதனால்தான். ஸ்டார்லிங்க் என்ற புது வகைச் சேவையின் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, அவற்றில் முதல் 60ஐ 2019 மே மாதத்தில் ஏவினார்கள். தூரம் குறைந்ததால் தாமதமும் சில பத்து மில்லிவினாடிக்கு இறங்கிவிட்டது. வேலை பார்க்க வேண்டியவர்களுக்கு இது பெரிய மாற்றம், மறுக்கவே முடியாது. ஆனால் அதன் தட்டு ஆன்டெனாவுக்கு மறைப்பில்லாத வானம் வேண்டும், தொடர்ந்து மின்சாரமும் வேண்டும், தோளில் பை சுமந்து நடப்பவருக்கு இது ஒத்துவராது.

நடப்பவர்களுக்கு இரிடியம் போன்ற சாட்டிலைட் போன் சேவைகள் இருக்கின்றன. இரிடியத்துக்கு 66 செயற்கைக்கோள்கள், சுமார் 780 கிலோமீட்டர் உயரம், துருவம் முதல் துருவம் வரை எங்கிருந்தாலும் பேசலாம். கார்மின் இன்ரீச் போன்ற கையடக்கக் கருவிகள் இதன் வழியாகத்தான் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. 2022இல் ஐபோன் 14 வந்தபோது போனிலிருந்தே செயற்கைக்கோளுக்கு அவசரச் செய்தி அனுப்பும் வசதி சில நாடுகளில் ஆரம்பமானது. திறந்த வெளியில் கால் நிமிஷத்தில் போகும் செய்தி, மரத்தடியில் நின்றால் ஒரு நிமிஷத்துக்கு மேலும் இழுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை, இதைக் கவனமாகக் கேளுங்கள். இந்தியா உட்படச் சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம், செய்தி அனுப்பும் கருவிகளும் அதில் அடங்கலாம். தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு. போகும் நாட்டின் சட்டத்தைப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

உயிருக்கு ஆபத்து என்ற ஒரே காரணத்துக்காக இன்னொரு கருவி இருக்கிறது, பிஎல்பி என்பார்கள். 406 மெகாஹெர்ட்ஸில் உதவி கேட்கும் சிறு பெட்டி. 1979இல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் என்ற அமைப்பு அதைக் கேட்கிறது, 1982இலேயே அதன் மூலம் முதல் மீட்பு நடந்துவிட்டது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் எதிரெதிர் நாடுகள் வழி தவறியவர்களைத் தேடக் கைகோத்தன என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தரும் விஷயம். மாதச் சந்தா கிடையாது, உங்கள் பெயரில் பதிவு செய்துவைத்தால் போதும். அரட்டைக்கு உதவாது, ஆனால் கால் உடைந்து கிடக்கும்போது இதுதான் வேண்டும்.

இவ்வளவும் பேட்டரி இருந்தால்தான். சிக்னல் மெலிந்தால் போன் தன் முழுத் திறனையும் போட்டுக் கத்தும், சிக்னலே இல்லையென்றால் திரும்பத் திரும்பத் தேடும், இரண்டும் பேட்டரியைத் தின்னும். அதனால் டவர் இல்லாத இடத்தில் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். காலை, மதியம், மாலை என்று நேரம் குறித்து, உயரமான இடத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் திறந்து பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்று எழுதியிருந்தாலும் போனுக்குப் போய்ச் சேருவது மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், இரவில் போனையும் பவர் பேங்கையும் உடம்போடு சேர்த்து வைத்துத் தூங்குங்கள். செயலிகள் தானாக அப்டேட் ஆவதையும், படங்கள் தானாக மேலேறுவதையும் கிளம்பும் முன்பே நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் கஷ்டப்பட்டுப் பிடித்த கொஞ்ச சிக்னலை அவை குடித்துவிடும்.

கடைசியாக, ஒரு மனிதர் வேண்டும். எந்த வழி, எத்தனை நாள், எந்தெந்த நேரத்தில் செய்தி வரும் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். செய்தி வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு வேளை செய்தி தவறினாலும் அவர் பதறிப்போவார், அல்லது நிஜமாகவே ஆபத்து வந்தபோது "சிக்னல் இருக்காது" என்று சும்மா இருந்துவிடுவார். திரும்பி வரும்போது சாலையில் எங்கோ ஓர் இடத்தில் சேர்ந்திருந்த நோட்டிஃபிகேஷன்கள் எல்லாம் சடசடவென்று கொட்டும். அவற்றைத் திறக்கும் முன், அவருக்கு "வந்துவிட்டேன்" என்று அனுப்பிவிடுங்கள்.