விரியன் கடிச்சா ரத்தம் ஏன் உறையாம போகுது? பாலக்கோடு தம்பியோட சந்தேகத்துக்கு விளக்கம்

பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அவங்க சித்தப்பாவ தக்காளி தோட்டத்துல கண்ணாடி விரியன் கடிச்சிருச்சாம், ஆஸ்பத்திரில ரத்தத்த எடுத்து ஒரு குழாய்ல விட்டுட்டு 20 நிமிஷம் பாக்கணும்னு சொன்னாங்களாம், இது அலட்சியமா சார், அப்புறம் விரியன் விஷம் ரத்தத்த உறைய வெக்கும்னு சொல்றாங்க, சித்தப்பாவுக்கு ஈறுல ரத்தம் கசிஞ்சுதே எப்படின்னு கேக்குறாரு.

அலட்சியமே இல்ல தம்பி. விஷம் உறைய வெக்கிறதும் நெஜம், ஈறுல கசிஞ்சதும் அதனாலதான். நமக்கு வெட்டு காயம் பட்டாதான் ரத்தத்துல இருக்குற உறையுற பொருளெல்லாம் ஒண்ணு ஒண்ணா வேலைய ஆரம்பிக்கும், கடைசில ஃபைப்ரினோஜன்ங்கறது நூல் நூலா மாறி காயத்த அடைக்கும். கண்ணாடி விரியன் விஷம் காயமே இல்லாம 5ஆவது, 10ஆவது ஃபேக்டர்னு சொல்ற உறையுற பொருள தட்டி விட்டுடுது, சுருட்டை விரியன் இன்னும் நேரா, அதுக்கு அடுத்த படியில இருக்குற புரோத்ராம்பின்ங்கற பொருள்லயே கை வெச்சிரும். உடம்பு பூரா தேவையில்லாம துளித்துளியா உறைஞ்சு, கரைஞ்சு, இருக்குற ஃபைப்ரினோஜன் தீந்து போயிரும், அவசரத்துக்கு வெச்சிருந்த காச சில்லறை சில்லறையா செலவு பண்ணிட்ட மாதிரி. அப்புறம் ஊசி குத்துன இடத்துல, ஈறுல, மூத்திரத்துல ரத்தம் வரும், மோசமா போனா மூளைக்குள்ளயும் கசியும்.

அந்த டெஸ்ட்டுக்கு 2 மில்லி ரத்தம் போதும். சோப்பு போடாத, சுத்தமா காஞ்ச கண்ணாடி குழாயா இருக்கணும், ஏன்னா கண்ணாடி மேல பட்டாதான் ரத்தம் ஒழுங்கா உறையும், பிளாஸ்டிக்ல வெச்சா முடிவு தப்பாயிரும். 20 நிமிஷம் ஆட்டாம வெச்சு ஒரு தடவ சாய்ப்பாங்க, தண்ணியாட்டம் ஓடுச்சுன்னா விஷமுறிவு மருந்து உடனே ஏத்தணும். ரத்தக்கசிவு கண்ணுக்கே தெரிஞ்சா டெஸ்ட்டுக்கு காத்திருக்கக் கூடாது.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், மருந்து ஏத்தியாச்சுன்னு வீட்டுக்கு கூட்டிட்டு போயிராதீங்க. மருந்து விஷத்த மட்டும்தான் பிடிக்கும், தீந்து போன பொருள கல்லீரல்தான் திரும்ப செய்யணும், அதுக்கு பல மணி நேரம் ஆகும், அதான் 6 மணி நேரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் வெக்கிறாங்க. கண்ணாடி விரியன் கிட்னியையும் அடிக்கும், அதனால மூத்திரம் கொறையுதான்னு பாத்துட்டே இருக்கணும்.

பென்னாகரம், அஞ்செட்டி பக்கமெல்லாம் இன்னும் கடிச்ச இடத்த பிளேடால கீறி விடுறாங்க, உறையாத ரத்தத்துல அந்த கீறல் நிக்காம ஒழுகும், கீறவும் வேண்டாம் கட்டவும் வேண்டாம், கால ஆட்டாம 108ல ஏத்துங்க. வலிக்குதுன்னு மெடிக்கல்ல ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வாங்கி குடுத்துறாதீங்க, ரத்தக்கசிவு இன்னும் கூடிரும்.