ஆட்களுக்கு ஒன்லைன் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கப் போகிறீர்களா? காசு கட்டும் முன் இதைக் கேளுங்கள்

வணக்கம் எல்லோருக்கும். பின்னால் கேட்பது மழைச் சத்தம். தலவாக்கலைப் பக்கம் காலையிலிருந்து விடாமல் பெய்கிறது. பெக்டரிக்குள்ளே நின்று பேசினால் ரோலர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதனால் ஒபிஸ் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஒபிஸில் வேலை செய்கிறேன். சம்பளம், லீவு, சேமலாப நிதி எல்லாம் பார்ப்பதோடு ஆட்களுடைய பாதுகாப்புப் பயிற்சியும் என் பொறுப்பு. போன மாதம் நுவரெலியாவில் ஹோட்டல் நடத்தும் ஒருவரும், பண்டாரவளையில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரும் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தார்கள். "எங்கள் ஆட்களுக்கு ஒன்லைனில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க நினைக்கிறோம், எதை எடுப்பது?" இதை எடுங்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல மாட்டேன். எதைப் பார்த்து எடுப்பது என்று சொல்கிறேன். நான் ஒரு தடவை பிழையானதை எடுத்தேன், அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பயிற்சியை வாங்கினோம். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், முடித்ததும் தங்கக் கரை போட்ட சேர்ட்டிபிகேட். தொரைக்கும், அதாவது எங்கள் தோட்ட மேனேஜருக்கும் பிடித்தது, எனக்கும் பிடித்தது. காசு கட்டிவிட்டு வீடியோவைத் திறந்தால், மஞ்சள் தொப்பி போட்ட ஆட்கள் மாடிக் கட்டடத்தில் இரும்புக் கம்பி மேல் நடக்கிறார்கள். பேச்சு ஆங்கிலம். கீழே தமிழ் எழுத்து ஓடியது, ஆனால் எந்தத் தமிழரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்தது. தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற பாடத்தில் "உடனே 911க்கு அழையுங்கள்" என்று வந்தது. அது அமெரிக்காவின் இலக்கம். நமக்குத் தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. அவசரத்தில் யாராவது அந்த 911ஐ அழுத்திக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பரீட்சையும் அப்படித்தான். பிழையாகச் சொன்னால் அதே கேள்வி திரும்ப வரும். சரியான விடை அகப்படும் வரை அழுத்திக்கொண்டே போகலாம். போன் இல்லாதவர்களுக்காக ஒரு தம்பி தன் போனிலேயே பதினொரு பேருக்குப் பரீட்சையை முடித்துக் கொடுத்தான். எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன், கேட்டவர்களுக்கு உதவினான். அப்படிச் செய்ய இடம் விட்ட பயிற்சியைத் தெரிவு செய்தது நாங்கள்.

சேர்ட்டிபிகேட்டுகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கப் போன நாளை மறக்க மாட்டேன். சலிக்கும் மெஷினில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கும் ஒரு அக்கா இருக்கிறார். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, இந்தப் பெல்ட்டுல யாரோட சீலையாவது மாட்டிக்கிட்டா எந்த சுவிட்சை அமத்துவீங்க?" என்று கேட்டேன். அக்கா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சுவர்ப் பக்கம் கையை நீட்டினார். "அந்தா இருக்குங்க மிஸ், சாக்குக்குப் பின்னுக்கு. ஆனா எனக்குக் கை எட்டாது. பொடியன் யாரையாச்சும் கூப்பிடணும்."

போய்ப் பார்த்தேன். ஆறு சாக்கு, ஒன்றன் மேல் ஒன்று. அதற்குப் பின்னால், என் தலைக்கு மேலே ஒரு பட்டன். தேயிலைத் தூசி பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. விரலால் துடைத்த பிறகுதான் அது சிவப்பு என்றே தெரிந்தது.

நாற்பது கேள்விப் பரீட்சையில் "உங்கள் மெஷினை நிறுத்தும் சுவிட்ச் எங்கே, உங்கள் கைக்கு எட்டுமா?" என்று ஒரு கேள்வி இல்லை. அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வியில் வெளியே வந்தது. அன்றைக்கே சாக்கை எடுத்தோம். சுவிட்சைக் கீழே இறக்கி வைக்க மூன்று வாரம் ஆனது.

அதனால் பயிற்சியைத் தேட முன்னால் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தைச் சுற்றி வாருங்கள். இதோ, இது என் கொப்பி. எண்ணெய்க் கறை பட்டிருக்கிறது, மன்னிக்கவும். ரோலர் பெல்ட், ட்ரையரின் விறகு அடுப்பு, ஈரத் தரை, கொழுந்து லொறி பின்னுக்கு எடுக்கும் இடம், மருந்து அடிக்கும் கான் வைத்திருக்கிற அறை, இரவு ஷிப்டில் லைட் இல்லாத படி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அங்கே வேலை செய்கிறவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருக்கிறேன். சத்தத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபலுக்கு மேல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க அப்படி ஒரு இடத்தில் நின்றால் காது கெடும். எங்கள் ரோலர் அறையில் கத்தினாலும் கேட்பதில்லை.

இந்தப் பட்டியலில் பாதி பயிற்சியால் தீராது. பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் ஆக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை அந்த இடத்தில் வை. அடுத்தது மூடி, வேலி, தடுப்பு. அதற்குப் பிறகுதான் விதிமுறையும் பயிற்சியும். கடைசியில் கையுறை, மாஸ்க். பயிற்சி நாலாவது படியில் இருக்கிறது. பெல்ட்டுக்கு மூடி போடாமல் "கவனமாக இருங்கள்" என்று வீடியோ காட்டுவது ஆட்களுக்குச் செய்கிற அநியாயம். ஆபத்தான மெஷின் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பழைய பயமும் நம்மிடம் உண்டு. மெஷினுக்குப் பக்கத்தில் பெக்டரிச் சாமியான ரோதமுனிக்கு விளக்கு ஏற்றிவிட்டு வேலை தொடங்கிய நம் பெரியவர்களுக்கு அந்தச் சக்கரம் எப்படிப்பட்டது என்று நன்றாகவே தெரியும்.

சரி, பட்டியலில் மிஞ்சியதற்குத்தான் பயிற்சி. இப்போது விற்பவர்களிடம் போகலாம்.

முதல் பாடத்தை இலவசமாகக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அத்தோடு விடுங்கள். காட்டினால் தொரைக்கும் ஒபிஸுக்கும் போட்டுக் காட்ட வேண்டாம், மெஷினில் நிற்கிறவருக்குக் காட்டுங்கள். பார்த்து முடிந்ததும் "என்ன சொன்னாங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் தன் பேச்சில் திருப்பிச் சொன்னால் அந்தப் பாடம் உதவும். "நல்லா இருந்துச்சு மிஸ்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் ஏறவில்லை. தமிழில் இருக்கிறது என்பதும் போதாது. புத்தகத் தமிழில் "அவசர நிறுத்த விசையை இயக்கவும்" என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முழிக்கிறார்கள். "செவப்பு பட்டனை அமத்துங்க" என்றால் கை தானாகப் போகிறது. சிங்கள ஆட்களும் சேர்ந்து வேலை செய்யும் இடமென்றால் இரண்டு மொழியிலும் அதே பாடம் வேண்டும். அமெரிக்காவில் வேலைத்தளப் பாதுகாப்பைப் பார்க்கிற ஓஷா, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் பயிற்சி இருக்க வேண்டும் என்று 2010இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஓஷா என்றதும் ஞாபகம் வருகிறது. 10 மணி நேரம், 30 மணி நேரம் என்று ஓஷா பெயரில் வகுப்புகளை இங்கேயும் விளம்பரம் செய்கிறார்கள். அது அமெரிக்கச் சட்டத்தை வைத்துச் செய்த பாடம். முடித்தால் கிடைக்கும் அட்டை தகுதிச் சான்று ஆகாது என்று ஓஷாவே சொல்கிறது. பிரித்தானியாவின் நெபோஷ், ஐயோஷ் நல்ல பாடங்கள்தான், ஆனால் பாதுகாப்பை நடத்துகிற உத்தியோகத்தருக்குத்தான் அவை பொருந்தும். மெஷினில் நிற்கும் அக்காவுக்கு அதை வாங்கிக் கொடுத்துப் பயனில்லை. இங்கே பார்க்க வேண்டிய இடங்கள் தொழில் திணைக்களமும், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார தேசிய நிறுவனமும். விற்பவர்களிடம் போக முன்னால் அங்கே ஒரு போன் போடுங்கள்.

எதை வாங்கினாலும் வீடியோ பாதி வேலைதான். அமெரிக்காவிலேயே போர்க்லிப்ட் ஓட்டுபவருக்கு வகுப்பு மட்டும் போதாது. நேரில் ஓட்டிக் காட்ட வேண்டும், 3 வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் பரிசோதிக்க வேண்டும். தீயணைக்கும் சிலிண்டரும் அப்படித்தான். ஊசியை இழு, நெருப்பின் அடியைக் குறி வை, அழுத்து, பக்கவாட்டில் வீசு என்று வீடியோவில் பத்துத் தடவை பார்த்தவர்களிடம் சிலிண்டரைக் கொடுத்தேன். பாதிப் பேருக்கு ஊசி எங்கே என்று தெரியவில்லை. இரண்டு பேர் ஊசியை இழுக்காமலே கைபிடியை அழுத்திக்கொண்டு நின்றார்கள். அந்தச் சிலிண்டர் அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், யோசிக்க நேரமில்லை. காலாவதித் திகதி நெருங்கிய சிலிண்டர்களைத் திருப்பி நிரப்பக் கொடுக்க முன்னால் முற்றத்தில் வைத்து ஆட்களையே அடிக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிச் செலவு இல்லை.

இப்போது எந்த ஒன்லைன் பாடத்திலும் நான் பார்க்காத ஒன்று, குளவி. மலையில் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது மேலே மரத்தில் கூடு கலைந்தால் அடுத்த நிமிடம் பத்துப் பேர் ஆஸ்பத்திரியில். அந்தத் தொழிற்சாலைச் சட்டம் பெக்டரி வாசலோடு நின்றுவிடுகிறது, கொழுந்து மலைக்கு வருவதில்லை. அதனால் நாங்களே ஒரு வீடியோ செய்தோம், என் போனில், நாலு நிமிடம். ஒரு கங்காணி பேசுகிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்திலேயே எந்த நம்பர் மலையில் கூடு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கலைந்தால் கையை வீசி அடிக்கக் கூடாது. கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் படங்கை அவிழ்த்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு கொட்டுத்தான் என்றாலும் மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், தலை சுற்றினால் காத்திருக்காமல் 1990. அந்த வீடியோவைத்தான் ஆட்கள் வீட்டிலும் போட்டுப் பார்க்கிறார்கள். பேசுகிறவர் அவர்களுக்குத் தெரிந்தவர், பின்னால் தெரிவது அவர்களுடைய மலை.

மண்சரிவுக்கும் இதே மாதிரி ஒன்று எடுக்கப் போகிறேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள், அதாவது ஆட்களுடைய வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன பிறகு இந்த நிறங்களைத் தெரியாமல் மலையகத்தில் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்பது என் எண்ணம்.

அப்புறம் நேரமும் காசும். பயிற்சி என்று சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "மிஸ், அதுக்குப் பேர் உண்டா?" அதாவது, அந்த நேரம் சம்பளக் கணக்கில் விழுமா என்று. பேர் விழாத நேரத்தில், வேலை முடிந்து, பிள்ளைக்குச் சோறு ஆக்க வேண்டிய நேரத்தில் வீடியோ பார் என்றால் யார் பார்ப்பார்கள்? பயிற்சி நேரம் வேலை நேரம்தான், பேர் போட்டே ஆக வேண்டும். இதைத் தொரையிடம் பேசி முடிக்காமல் எந்தப் பயிற்சிக்கும் காசு கட்ட வேண்டாம். டேட்டாவையும் ஆட்கள் தலையில் போடக் கூடாது. ஒரு மணி நேர வீடியோ சாதாரணத் தரத்திலேயே அரை ஜீபீ அளவில் இழுக்கும். எங்கள் மேல் டிவிஷனில் கோயில் வளைவில் மட்டும்தான் சிக்னல். இறக்கி வைத்துப் பிறகு பார்க்கக்கூடிய பாடமா என்று விற்பவரிடம் கேளுங்கள். நாங்கள் இப்போது ஒபிஸ் லெப்டொப்பில் இறக்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பதினைந்து பதினைந்து பேராகப் போட்டுக் காட்டுகிறோம். பத்து நிமிடம் வீடியோ, இருபது நிமிடம் பேச்சு. எழுத வாசிக்கத் தெரியாதவரும் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

பரீட்சையை மாற்றிவிட்டோம். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகும் என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் தன்னையே சோதித்து 1885இல் எழுதி வைத்திருக்கிறார். அதனால் பாடம் முடிந்த அன்றைக்குக் கேட்பதில்லை. இரண்டு கிழமை கழித்து மெஷினுக்குப் பக்கத்தில் போய் "காட்டுங்க" என்று கேட்கிறேன். காட்டினால் கொப்பியில் ஒரு சரி. காட்ட முடியாவிட்டால் அவருக்கு மார்க் குறைப்பதில்லை. பாடத்திலோ, இடத்திலோ, நாங்கள் சொன்ன விதத்திலோ எது பிழை என்று திரும்பிப் பார்க்கிறோம்.

அந்த அக்கா இப்போது புதிதாக வரும் பிள்ளைகளை முதல் நாள் கூட்டிக்கொண்டு போய், சிவப்புப் பட்டனை அவர்கள் கையாலேயே அமத்த வைக்கிறார். மெஷின் நின்ற பிறகுதான் கையை விடுகிறார். போன கிழமை ஒரு பிள்ளைக்கு எட்டவில்லை, கொஞ்சம் குள்ளம். அக்கா நேரே ஒபிஸுக்கு வந்துவிட்டார், "மிஸ், இன்னும் அரை அடி எறக்கணும்."

எலக்ட்ரீஷியன் நாளைக்கு வருகிறார். கொழுந்து லொறி வந்துவிட்டது, ஹோர்ன் கேட்கிறதுதானே, நான் கீழே போக வேண்டும். மலைநாட்டில் தமிழில் நல்ல பாதுகாப்புப் பாடம் யாராவது பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள், எங்கள் மடுவத்தில் போட்டுப் பார்த்துவிட்டு அக்காமார் சொன்னதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.