லாஸ்பேட்டையிலிருந்து ரீயூனியன்: அத்தைக்கு என்ன பதில் சொல்வது?

[காட்சி: புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையச் சுற்றுச்சுவர், காலை வெயில்]

வணக்கம். புதுச்சேரியில் எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். அவருடைய தங்கை குடும்பம் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் வசிக்கிறது. "நம் ஊரிலேயே விமான நிலையம் இருக்கிறதே, ஏறி உட்கார்ந்தால் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். ஆறு மணி நேரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதை நம்பி அவர் பெட்டி கட்டக் கூடாது. முதலில் அந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

[காட்சி: உலக உருண்டை, இரண்டு புள்ளிகள்]

புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. ரீயூனியனின் ரோலான் காரோஸ் விமான நிலையம் தெற்கே 21 பாகை. கூட்டினால் 33. பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் 3,663 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக இடைவெளி சுமார் 24 பாகை. துருவங்களை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும். நம் பாதையோ நிலநடுக்கோட்டைக் கடக்கிறது. அதனால் இங்கும் 111 என்றே வைக்கலாம்: 2,664. இனி பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ் தேற்றம் போதும். விடை 4,529. பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 4,500-ஐ ஒட்டி வரும். காகிதமும் பேனாவும் கொண்டு இவ்வளவு நெருங்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

மணிக்கு 850 கிலோமீட்டர் பறக்கும் ஜெட்டுக்கு இது 5 மணி 20 நிமிடம். ஏறவும் இறங்கவும் அரை மணி. ஆறு வந்துவிட்டது.

[காட்சி: ஓடுபாதை, தரையிறங்கும் ஏடிஆர் விமானம்]

சிக்கல் இங்கேதான். லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,500 மீட்டர். விசிறி சுழலும் ஏடிஆர் என்ற சிறிய பயணிகள் விமானத்துக்கு அது போதும். ஆனால் அந்த விமானம் 4,500 கிலோமீட்டர் போகாது. அவ்வளவு தூரம் போகும் ஜெட், எரிபொருள் நிரம்பிய கனத்தோடு இங்கிருந்து எழும்ப முடியாது. ஆகவே அத்தையின் பயணம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் தொடங்கும். சென்னைக்கு மூன்று, நான்கு மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். மொரீஷியஸ் வழியாக மாறிப் போனால், கடைசி 230 கிலோமீட்டர் பறக்க முக்கால் மணி நேரம்தான். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகமாகலாம். எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளை விழுங்கிவிடும்.

இந்தப் பாதை புதிதல்ல. 1848-இல் ரீயூனியனில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். வாரக்கணக்கில் கடல். பலர் திரும்பவே இல்லை. அந்தக் கப்பல்களை மறந்துவிட்டு இந்தத் தூரத்தை வெறும் எண்ணாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

[காட்சி: இரண்டு கடிகாரங்கள்]

அத்தைக்கு இன்னொன்றும் சொன்னேன். ரீயூனியன் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இங்கிருந்து போகும்போது பயணம் ஒன்றரை மணி குறைவாகத் தெரியும், திரும்பும்போது அதே அளவு கூடுதலாகத் தெரியும். தங்கை விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதை அந்த ஊர் நேரத்திலேயே காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.