ஹஃப்மனின் இன்னொரு கட்டுரை

வணக்கம். ஜிப் கோப்புக்குள்ளும் ஜேபெக் படத்துக்குள்ளும் இருக்கும் ஒரு கணக்கை இன்று பலகையில் போட்டுப் பார்ப்போம்.

1951, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம். தகவல் கோட்பாடு என்ற பாடம் நடத்திய ராபர்ட் ஃபானோ, 'இறுதித் தேர்வு எழுதுங்கள், அல்லது கட்டுரை கொடுங்கள்' என்றார். மாணவர் டேவிட் ஹஃப்மன் கட்டுரையைத் தேர்ந்தெடுத்தார். 0, 1 மட்டும் வைத்து எழுத்துகளுக்கு மிகச் சிக்கனமான குறியீடு அமைக்க வேண்டும். ஃபானோவும், தகவல் கோட்பாட்டை நிறுவிய கிளாட் ஷானனும்கூட அதற்கு முழு விடை கண்டதில்லை என்பதை மட்டும் ஆசிரியர் சொல்லவில்லை. பொல்லாத மனிதர்! மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட ஹஃப்மன், இனித் தேர்வுக்கே படிக்கலாம் என்று முடிவெடுத்த வேளையில் வழி தட்டுப்பட்டது.

பலகையைப் பாருங்கள். ஐந்து எழுத்துகள் முறையே 15, 7, 6, 6, 5 தடவை வருகின்றன. பிட் என்றால் ஒரு 0 அல்லது ஒரு 1. எழுத்துக்கு 3 பிட் கொடுத்தால் மொத்தம் 117. ஃபானோவின் முறை மேலிருந்து பிளந்துகொண்டே இறங்கும்: ஒரு பக்கம் 22, மறுபக்கம் 17. அப்படிப் போனால் 89 பிட். ஹஃப்மன் அடியிலிருந்து ஏறினார். மிகச் சிறிய இரண்டைச் சேர்: 5, 6 சேர்ந்து 11. அடுத்து 6, 7 சேர்ந்து 13. பிறகு 24, கடைசியில் 39. ஒவ்வொரு முறை சேரும்போதும் உள்ளே இருக்கும் எழுத்துகளின் குறியீடு ஒரு பிட் நீள்கிறது; அதனால் இந்த நான்கையும் கூட்டுங்கள்: 87. அதுதான் மொத்த பிட். இரண்டு பிட்தானே என்று நினைக்க வேண்டாம். எழுத்துக்கு ஒரு குறியீடு என்ற வகையில் இதற்குக் கீழே யாராலும் இறங்க முடியாது என்று நிரூபித்தும் காட்டினார். 1952இல் அச்சானது. காப்புரிமை வாங்கவில்லை.

இந்தக் கதை பலருக்கும் தெரியும். 1959இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையைத்தான் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே கூடுதல் சுவை. இம்முறை குறியீடு அல்ல, மின்சுற்று. சுற்றின் நினைவில் தொடக்கத்தில் இருந்தது, வெளியே வந்த பிட் வரிசை, நினைவில் கடைசியில் இருப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால், உள்ளே போன வரிசையை ஐயமின்றி மீட்க முடியுமா? முடிந்தால் அது தகவல் இழக்காத சுற்று.

ஒரு சுற்று முந்தைய பிட்டை நினைவில் வைக்கிறது. இப்போது வரும் பிட் அதிலிருந்து மாறினால் 1, மாறாவிட்டால் 0 தருகிறது. தொடக்கத்தில் நினைவில் 0. வெளியே 1101 வந்தால் உள்ளே போனது 1001 மட்டுமே. எதுவும் தொலையவில்லை.

இரண்டே ஆண்டில், 1961இல், ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ரோல்ஃப் லாண்டவர் தகவல் இழப்பை இயற்பியலுக்குள் இழுத்தார்: ஒரு பிட்டை அழித்தால் குறைந்தபட்ச வெப்பம் வெளியேறியே தீரும். 1973இல் சார்லஸ் பென்னட், எதையும் அழிக்காமலே கணிக்க வழி உண்டு என்று காட்டினார். அது தனிக் காணொளிக்கான தீனி.

உங்களுக்கு ஒரு கணக்கு. அதே சுற்றில் விதியை மட்டும் மாற்றுகிறேன்: இரண்டு பிட்டில் ஏதேனும் ஒன்று 1 என்றாலும் 1. தொடக்கத்தில் நினைவு 0, கடைசியில் 1, வெளியே வந்தது 111. உள்ளே என்னென்ன போயிருக்கலாம்? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.