சித்தப்பாவின் பழைய தமிழ்க் கோப்பும் ஃபோனுக்குள் ஒரு டெபியனும்

[திரையில்: ஃபோனில் திறந்த ஒரு வேர்ட் கோப்பு. வரிக்கு வரி புள்ளியும் கொக்கியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.]

வணக்கம். இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது ஒரு தமிழ்க் கவிதை. சிங்கப்பூர் அங் மோ கியோவில் இருக்கும் என் சித்தப்பா 1998-இல் தட்டச்சு செய்தது. அந்தக் கணினி போய் ரொம்ப நாளாகிவிட்டது, கோப்புகள் மட்டும் ஒரு தம்ப் டிரைவில் மிஞ்சியிருக்கின்றன. அதை என் கையில் கொடுத்து, "வீட்டுல இப்போ கம்ப்யூட்டரே இல்லப்பா, இந்த ஃபோன்லயே படிக்க முடியுமா பாரு" என்றார்.

படிக்க முடியும். அதற்கு ஆண்ட்ராய்டு ஃபோனுக்குள் ஒரு முழு மேசைக்கணினிப் புரோகிராமை ஓட்ட வேண்டியிருந்தது. ஏன், எப்படி என்று காட்டுகிறேன்.

முதலில் கோப்பு ஏன் இப்படித் தெரிகிறது? எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இடங்களில் தன் இஷ்டப்படி தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தது. கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். எந்த எழுத்துருவில் எழுதினார்களோ அது கையில் இருந்தால்தான் அவை தமிழாகும். தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று 1997-இல் நம் சிங்கப்பூரில் நடத்திய தமிழ் இணைய மாநாட்டிலேயே இந்தக் குழப்பம் பேசப்பட்டது. 1999-இல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2000-இல் இங்கேயே, தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான உத்தமம் அமைப்பு உருவானது. சித்தப்பா எழுதியது இதற்கெல்லாம் நடுவில். நல்லவேளையாக அந்த எழுத்துருக் கோப்பையும் அதே தம்ப் டிரைவில் வைத்திருந்தார்.

எழுத்துருவை ஃபோனில் போட்டால் போதுமே என்று தோன்றும். நான் முயன்ற ஃபோன் ஆபீஸ் செயலிகளில், நாமே கொண்டுவரும் எழுத்துருவைச் சேர்க்க வழி கிடைக்கவில்லை. வேர்ட் கோப்புகளைத் திறக்கும் இலவசப் புரோகிராமான லிப்ரே ஆபீஸின் மேசைக்கணினிப் பதிப்பில் அது ஒரு வேலையே இல்லை. கோப்புறையில் எழுத்துருவைப் போட்டுவிட்டுத் திறந்தால் முடிந்தது. அதனால்தான் மேசைக்கணினிப் புரோகிராம் தேவைப்பட்டது.

[திரையில்: ஆண்ட்ராய்டு, டெபியன் இரண்டின் அடுக்குப் படம். கீழ் அடுக்கு மட்டும் ஒரே நிறம்.]

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல், அதாவது புரோகிராம்களுக்கும் சிப்புக்கும் நடுவில் நிற்கும் மையப் பகுதி. கணினிகளில் ஓடும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களின் அடியில் இருப்பதும் அதுவே. அஸ்திவாரம் ஒன்று, மேலே கட்டிய மாடிகள் வேறு. டெபியன் புரோகிராம்கள் ஜிலிப்சி என்ற லைப்ரரியை, அதாவது பொதுவான துணை நிரல்களின் தொகுப்பை எதிர்பார்க்கும். ஆண்ட்ராய்டில் இருப்பது பயானிக். லினக்ஸ் புரோகிராம்கள் எக்ஸ்11 போன்ற ஒரு திரை அமைப்பிடம் ஜன்னல் கேட்கும். ஆண்ட்ராய்டு தன் திரையை வேறு விதமாக வரைகிறது. ஆக, லைப்ரரிகளையும் திரையையும் நாம் கொடுத்துவிட்டால் லிப்ரே ஆபீஸுக்குத் தான் ஃபோனில் ஓடுகிறோம் என்பதே தெரியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டெபியனில் லிப்ரே ஆபீஸ், படங்களைத் திருத்தும் கிம்ப் எல்லாம் ஆர்ம் வகைச் சிப்புக்கென்றே தயாராக இருக்கின்றன. ஃபோனின் சிப்பும் ஆர்ம். எனவே வேறு சிப்பைப் போல நடிக்கும் எமுலேட்டர் எதுவும் வேண்டாம், கட்டளைகளை மொழிபெயர்க்கவும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய புரோகிராமுக்கு ஆர்ம் லினக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பலர் இதைப் பார்க்காமல் நேரே விண்டோஸ் எமுலேட்டருக்குப் போய் நாள் முழுக்கச் சிரமப்படுகிறார்கள்.

சரி, செய்முறை. ஃபோனில் லினக்ஸ் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய உதவும் டெர்மக்ஸ் செயலியை, திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டிலிருந்து எடுங்கள். ஆண்ட்ராய்டு 10 முதல், புதிய விதிகளின்படி கட்டப்படும் செயலிகள் தங்கள் கோப்புறையில் இறக்கிய புரோகிராம்களை நேரடியாக ஓட்டக் கூடாது. டெர்மக்ஸின் வேலையே அதுதான் என்பதால் பிளே ஸ்டோரில் அதற்குச் சிக்கல். அப்புறம் டெர்மக்ஸ் எக்ஸ்11 என்ற துணைச் செயலி. இதுதான் திரை.

[திரையில்: கட்டளைகள் ஒவ்வொன்றாக. நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தட்டச்சு செய்யவும்.]

டெர்மக்ஸுக்குள் புரூட்-டிஸ்ட்ரோ என்ற தொகுப்பைப் போட்டு, அதன் வழியாக டெபியன். டெபியனுக்குள் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப், அப்புறம் லிப்ரே ஆபீஸ். 5 ஜிபியாவது காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவில் இறக்காதீர்கள், வீட்டு வைஃபையில் செய்யுங்கள்.

புரூட் என்ன செய்கிறது? லிப்ரே ஆபீஸ் கெர்னலிடம் "இந்த முகவரியில் இருக்கும் கோப்பைக் கொடு" என்று கேட்கும். அந்த முகவரி ஆண்ட்ராய்டில் கிடையாது. புரூட் அந்தக் கேள்வியை நடுவழியில் பிடித்து, டெபியன் கோப்புறைக்குள் இருக்கும் சரியான முகவரியாக மாற்றிவிடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் இந்த நிறுத்தம் இருப்பதால் வேகம் குறையும். லிப்ரே ஆபீஸ் முதல் தடவை திறக்கும்போது உறைந்துவிட்டதோ என்று பயப்படுவீர்கள். காத்திருங்கள்.

இதற்காக ஃபோனை ரூட் செய்ய, அதாவது அதன் பூட்டுகளைத் திறந்து முழு அதிகாரம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. ரூட் செய்த ஃபோனில், அரசுச் சேவைகளுக்குள் நுழைய நாம் பயன்படுத்தும் சிங்பாஸ் செயலி வேலை செய்யாது. ஒரு டெஸ்க்டாப்புக்காக அதை இழப்பது நமக்குக் கட்டுப்படியாகாது.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது டெஸ்க்டாப் திடீரென்று மறைந்து, டெர்மக்ஸில் 'சிக்னல் 9' என்று ஒரு வரி மட்டும் நிற்கும். இரண்டு நாள் என் தவறு என்றே நினைத்திருந்தேன். காரணம் ஆண்ட்ராய்டு 12-இல் வந்த ஒரு வரம்பு. செயலிகள் பின்னணியில் கிளப்பிவிடும் துணை வேலைகள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டு அவற்றைக் கொன்றுவிடும். ஒரு டெஸ்க்டாப் அந்த எண்ணைச் சுலபமாகத் தொட்டுவிடும். ஆண்ட்ராய்டு 14 முதல் டெவலப்பர் அமைப்புகளில் இந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துவிடுங்கள்.

விண்டோஸ் புரோகிராம்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஒயின், பாக்ஸ்64 இரண்டும் சேர்ந்த வின்லேட்டர் என்ற செயலி இருக்கிறது. 1993-இல் தொடங்கிய ஒயின், விண்டோஸ் கேள்விகளுக்கு லினக்ஸில் பதில் சொல்லும். பாக்ஸ்64, இன்டெல் கட்டளைகளை ஓட ஓட ஆர்ம் கட்டளைகளாக மாற்றும். பழைய சின்னப் புரோகிராம்களுக்குப் பரவாயில்லை.

சாம்சங் ஃபோன்களில் வரும் டெக்ஸ் என்ற டெஸ்க்டாப் வசதி போதாதா என்று கேட்பீர்கள். 2017-இல் வந்த டெக்ஸ், ஆண்ட்ராய்டு செயலிகளைத்தான் பெரிய திரையில் ஜன்னல்களாகக் காட்டுகிறது. அதே எழுத்துருச் சிக்கல் அங்கேயும் இருக்கும். அதன்மேல் உபுண்டு ஓட்டும் ஒரு சோதனைத் திட்டமும் 2018-இல் வந்தது, 2019-இல் நிறுத்திவிட்டார்கள். அது தொடராமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம். 2025 மார்ச்சில் பிக்சல் ஃபோன்களுக்குக் கூகுளே டெபியன் டெர்மினலைக் கொடுத்தது. அது புரூட் போல நடுவில் நிற்பதில்லை, தனி மெய்நிகர் கணினியாகவே ஓடுகிறது. எல்லா ஃபோனிலும் இன்னும் இல்லை.

ஐபேடில் வேறு இயங்குதளங்களை ஓட்ட யூடிஎம் எஸ்இ என்ற எமுலேட்டர் செயலி இருக்கிறது, 2024 ஜூலையில் ஆப் ஸ்டோருக்கு வந்தது. ஓடும்போதே கட்டளைகளை மொழிபெயர்த்து வைத்துக்கொள்ள ஆப்பிள் அனுமதிப்பதில்லை என்பதால் மிகவும் மெதுவாக ஓடும்.

[திரையில்: லிப்ரே ஆபீஸ். அதே கோப்பு, இப்போது தமிழில்.]

எழுத்துருவை டெபியனின் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, கோப்பைத் திறந்தேன். இதோ. ஃபோனைக் கேபிளால் டிவியில் இணைத்துவிட்டுச் சித்தப்பாவை உட்கார வைத்தேன். கேபிள் வழி எல்லா ஃபோனிலிருந்தும் படம் டிவிக்கு வராது, கேபிள் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரே ஓர் எழுத்து மட்டும் வந்த இடமெல்லாம் காலியாக இருந்தது. 160, 173 என்ற எண்களை இன்றைய புரோகிராம்கள் எழுத்தாகவே பார்ப்பதில்லை, ஒன்று இடைவெளி, மற்றது மறைந்திருக்கும் இணைப்புக்கோடு. சில பழைய எழுத்துருக்கள் அங்கேயும் எழுத்து வைத்திருந்தன. எந்த எழுத்து என்று எனக்குப் பிடிபடவில்லை.

சித்தப்பா திரையைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் பக்கத்தில் ஒரு புதுக் கோப்பைத் திறந்து, தமிழ்99-இல், யூனிகோடில் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன்.